குழாய்களுக்கு நடுவே ஒரு குழந்தை

திருக்கருகாவூருக்குப் போய் வந்திருப்பீர்கள். பிள்ளை வரத்துக்கு நெய், சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய் என்று பிரசாதம் வாங்கி வந்து வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்தும் இருப்பீர்கள். முனிவரின் சாபத்தால் வேதிகையின் கரு கலைந்தபோது, அதைக் குடத்தில் வைத்துக் காத்தவள் அல்லவா கர்ப்பரட்சாம்பிகை!

அவளிடம் வேண்டிப் பெற்ற குழந்தை கடுமையான குறையோடு பிறந்து, குழாய்களுக்கு நடுவே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்' என்கிறார் டாக்டர். என்ன சொல்வீர்கள்?

1982 ஏப்ரலில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. உணவுக்குழாய் வயிற்றோடு சேரவில்லை. ஆபரேஷன் செய்தால் சரிசெய்யக்கூடிய குறைதான். ஆனால், டவுன் சிண்ட்ரோமும் இருந்தது. பெற்றோர் ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். கோர்ட்டும் அதை ஏற்றது. தத்தெடுக்கச் சில தம்பதிகள் முன்வந்தும் பலனில்லை. ஆறே நாளில் குழந்தை இறந்தது. 'பேபி டோ' என்று அந்தக் குழந்தையை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பெற்றோரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்த உயிரைக் கொண்டுபோனது நோய் மட்டுமல்ல, 'இப்படிப்பட்ட பிள்ளை வாழ்ந்து என்ன' என்ற கணக்கும்தான் என்று படுகிறது.

எட்டுக் கோணலோடு பிறந்த அஷ்டாவக்கிரர் ஜனகரின் சபையில் வாதம் செய்து வென்ற கதையை இந்த இடத்தில் சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால், அவர் ஞானியாகாமல் போயிருந்தாலும் அவருக்குப் பால் கொடுத்திருக்க வேண்டியதுதானே?

இன்னொரு குழந்தை இருக்கிறது. மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாகாமலே பிறப்பது. அதற்கு வைத்தியம் இல்லை. சில மணி நேரமோ, சில நாளோதான். அங்கே வென்டிலேட்டர் உயிரைத் தருவதில்லை, சாவை நீட்டுகிறது. 'நிறுத்தச் சொன்னால் சிசுஹத்தி தோஷம் வருமோ' என்று நடுங்குகிறோம். வராது என்றே என் மனம் சொல்கிறது. ஊசி போட்டு உயிரை முடிப்பது வேறு; நம் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. பலன் தராத கருவியை விலக்குவது வேறு. 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி சொன்னது; 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. மருத்துவர் குழு கூடிப் பார்த்த பிறகே முடிவு. பாரம் முழுவதும் பெற்றவள் தலையில் விழுவதில்லை.

எனவே, 'நார்மலா இருக்குமா?' என்று முதலில் கேட்காதீர்கள். 'பிழைக்குமா? இதனால் அதற்கு வலிக்குமா?' என்று கேளுங்கள். 'பூர்வ ஜென்ம பாவம்' என்று பெற்றவள் காதுபடப் பேசும் உறவினரை வாசலுக்கு அனுப்பிவிடுங்கள்.

பிழைக்காது என்று தெரிந்துவிட்டால், குழாயை எடுத்ததும் குழந்தையை அவள் மடியில் வைக்கச் சொல்லுங்கள். புண்ணியாகவாசனத்துக்குப் பதினோராம் நாள்வரை காத்திருக்க வேண்டாம். என்ன பெயர் வைக்க நினைத்திருந்தாளோ, அதை அவளே அந்தச் சின்னக் காதில் சொல்லட்டும்.