முடியுமுன் பார்ப்பது

கைப்பேசிச் செயலிகளுக்கு முகப்பு எழுதப் பயன்படும் எக்ஸ்கோடு என்ற மென்பொருளில், நிரல் எழுதும் பகுதிக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை திறந்திருக்கும். இடப்பக்கம் நாம் எழுதும் நிரல். வலப்பக்கம் அது கைப்பேசித் திரையில் எப்படித் தெரியும் என்பதன் பிரிவியூ. ஆப்பிள் நிறுவனம் இதன் ஒரு வடிவத்தை 2014இலும், ஸ்விஃப்ட்யூஐயோடு சேர்ந்த இன்னொரு வடிவத்தை 2019இலும் கொண்டுவந்தது. நாம் எழுத எழுத யந்திரம் பின்னணியில் நிரலைத் திரும்பத் திரும்பக் கட்டி, இயக்கி, படத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பொத்தானின் மேலுள்ள சொல்லில் ஓர் எழுத்தை மாற்றினாலும் இது நடக்கும். எடிட்டர் மெனுவில் தானாகப் புதுப்பிக்கும் வரிக்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால் நின்றுவிடும். பிறகு எப்போது வேண்டுமோ அப்போது நாமே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆப்ஷன், கமாண்ட், பி என்ற மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நின்ற பிரிவியூ மறுபடி ஓடும்.

தொழில்நுட்பம் இவ்வளவுதான். கவிதையும் விமர்சனமும் வருகிற பக்கங்களில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். இதை நிறுத்துகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் எனக்குப் போதவில்லை என்பதால்தான் எழுதுகிறேன். அவர்கள் சொல்வது வேகம். மடிக்கணினி சூடாகிறது, பாட்டரி இறங்குகிறது, விசையை அழுத்தினால் எழுத்து வந்து விழத் தாமதமாகிறது. எல்லாம் வாஸ்தவம். ஆனால் வேகம்தான் காரணம் என்றால் யந்திரம் வேகமானவுடன் காரணமும் போய்விட வேண்டும். 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லு வைத்த மடிக்கணினிகளை விற்க ஆரம்பித்தபின் அந்தத் தாமதம் பெருமளவு குறைந்தது. நான் அப்போதும் அதை நிறுத்தியே வைத்திருந்தேன். சொல்லப்போனால் வேகமான பிரிவியூ மெதுவான பிரிவியூவைவிடத் தொந்தரவாக இருந்தது. ஆகவே பிரச்னை வேறெங்கோ இருக்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும் வரி தவறான வரி ஆகாது. சரியான வரியும் ஆகாது. அதைப் பற்றி இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்பதே அதன் ஸ்திதி. தமிழில் எழுதுகிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பு அதற்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. 'நான் அவனைக் கொல்ல' என்பதுவரை எழுதியவன் கொலை செய்யப் போகிறானா, செய்யவில்லையா, செய்ய மறுத்தானா என்பது அடுத்த சில எழுத்துகளில் இருக்கிறது. ரோமன் விசைகளைத் தட்டித் தமிழ் எழுதும்போது 'கொ' வருவதற்கு முன் 'க்' வந்து நிற்கிறது. அந்தப் புள்ளியைப் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை. போய்விடும் என்று விரலுக்குத் தெரியும். பிரிவியூவுக்கு அது தெரியாது. திறந்த அடைப்புக்குறியை நான் மூடுவதற்குள் சிவப்பில் கூச்சல் போடுகிறது. இதைவிட மோசமான ஒன்று உண்டு. இந்த மாதிரிக் கருவிகள் பல, விரல் ஓய்ந்து ஒரு கணம் கழித்து வேலையைத் தொடங்குகிறவை. நான் யோசிப்பதற்காக நிறுத்திய இடத்தை நான் முடித்த இடம் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. யோசனைக்கென்று கிடைத்த அந்த ஒரே அவகாசத்தில் வலப்பக்கம் படம் அசைகிறது. கண் அங்கே போய்விடுகிறது.

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு இதை யோசிப்பவனுக்குப் பஞ்சாலை நினைவுக்கு வராமல் இருக்காது. 1930களில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா இங்கே நூற்பாலை தொடங்கினார். அந்தக் குழுமமே பின்னால் சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தையும் நடத்த வந்தது. நூலிலிருந்து நிரலுக்கு வந்த பாதை இந்த ஊருக்கு அந்நியமில்லை. நூலின் தரம் எப்படிப் பார்க்கப்படுகிறது? 40ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டங்கள் 40 இருக்க வேண்டும். அதற்காக ஓடுகிற நூலை யாரும் நிறுவையில் வைப்பதில்லை. 120 கெஜம் தனியாகச் சுற்றியெடுத்து எடை போடுகிறார்கள். இதை எனக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் முழு உண்மை அதுவல்ல. இன்றைய கோன் சுற்றும் யந்திரங்களில் மின்னணுக் கண் ஒன்று இருக்கிறது. ஓடும் நூலை விடாமல் பார்த்து, தடித்த இடத்தையும் மெலிந்த இடத்தையும் வெட்டியெறிந்து, காற்றழுத்தத்தால் முனைகளைச் சேர்த்துவிடுகிறது. அங்கே இடைவிடாத பார்வை சரியாகவே வேலை செய்கிறது. காரணம், நூலில் பாதி நூல் என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் அங்குலமும் தன்னளவில் முழுசு. அடுத்த அங்குலம் வந்து முந்தியதன் அர்த்தத்தை மாற்றுவதில்லை. தொடர்ந்து பார்த்துத் தொடர்ந்து வெட்டலாம். பிரிவியூவின் பின்னால் இருக்கும் மனோபாவம் இதுதான் என்று நினைக்கிறேன். எழுத்தை அது நூலாகப் பாவிக்கிறது.

எதிர்க்கட்சியின் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது. பிரெட் விக்டர் 2012இல் மாண்ட்ரீலில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். சிருஷ்டிப்பவனுக்கும் அவன் சிருஷ்டிக்கும் இடையே தாமதமே இருக்கக் கூடாது, கை வைத்த கணத்திலேயே விளைவு தெரிய வேண்டும், தெரியாவிட்டால் பல யோசனைகள் பிறக்காமலே போகும் என்பது அவர் கட்சி. இதை அவர் ஒரு தார்மீகக் கோட்பாடாகவே முன்வைத்தார். அதற்காகவே அவர் மேல் எனக்கு மதிப்பு. ஓவியன் குச்சியை இழுத்த இடத்தில் வர்ணத்தைப் பார்க்கிறான். கோலம் போடும் பெண் புள்ளியைச் சுற்றி வளைந்த இழையைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை இழுக்கிறாள். எழுதுகிறவன் மட்டும் ஏன் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்?

ஆனால் கோலம் போடுகிறவள் பார்ப்பது தன் கை விட்டுச்சென்ற தடத்தை. பிரிவியூ காட்டுவது தடத்தை அல்லவே. என் தடம் இடப்பக்கம், நான் எழுதிய வரிகளாக ஏற்கெனவே இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வலப்பக்கம் இருப்பது, 'இது இந்தக் கணத்தில் முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டால்' யாரோ ஒருவர் கைப்பேசியில் எப்படித் தெரியும் என்ற கற்பிதம். ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊர். அடுப்பருகே நின்று பாலைக் கிண்டுகிறவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடித்துவிடும். அவர் பார்ப்பது அந்தந்தக் கணத்துப் பாலை. ஒவ்வொரு கிண்டலுக்கும் ஒரு கரண்டி எடுத்து, காகிதத்தில் மடித்து, லேபிள் ஒட்டி, வாடிக்கையாளர் வாங்குவாரா என்று பக்கத்தில் ஒருவன் நீட்டிக்கொண்டிருந்தால் அவர் கரண்டியாலேயே அவனை அடித்திருப்பார். விக்டர் வேண்டியது முதல் பார்வையை. நமக்குச் சந்தையில் கிடைத்திருப்பது பெரும்பாலும் இரண்டாவது.

அதே ஊரில் இதைவிடப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஆண்டாள் கோயிலில் கண்ணாடிக் கிணறு என்று ஒன்றைக் காட்டுவார்கள். பெருமாளுக்கென்று பெரியாழ்வார் கட்டி வைத்த மாலையைத் தான் சூடி, அந்தக் கிணற்று நீரில் ஆண்டாள் அழகு பார்த்தாள் என்பது ஐதீகம். கதையின் மீதி எல்லோருக்கும் தெரியும். மாலையில் முடி, தகப்பனாரின் கோபம், அவள் சூடியதே வேண்டும் என்ற பெருமாளின் கட்டளை. முன்கூட்டிப் பார்ப்பது குற்றமா என்று கேட்டால் ஐதீகம் ஆண்டாள் பக்கம். இதை என் வாதத்துக்காக நான் வளைக்கத் தயாரில்லை. அவள் பார்த்தாள், பார்த்தது சரி. நான் கவனிப்பது வேறொன்றை. மாலை அப்போது கட்டி முடிந்திருந்தது. பூத்தொடுக்க இரண்டு கையும் வேண்டும், கண்ணும் மடியில் இருக்க வேண்டும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே தொடுக்க முடியாது. தவிர, கிணறு எப்போதும் கண்ணாடியாக இருப்பதில்லை. வாளி விழுந்தால் பிம்பம் சிதறிவிடும். நீர் மறுபடி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பார்ப்பதற்கென்று ஒரு நேரம் தனியாக இருந்தது. அந்த நேரத்தை அவள் தேர்ந்தெடுத்தாள். (புரட்டாசி பிரம்மோத்ஸவத்தில் கருட சேவைக்கு அவள் சூடிய மாலை இன்றும் இங்கிருந்து திருமலைக்குப் போகிறது. தொடுத்த கை அதை அங்கே சார்த்திப் பார்ப்பதில்லை.)

தேர்ந்தெடுத்தாள் என்ற சொல்லில்தான் எனக்கு விஷயம் இருக்கிறது. 'இது இப்போது பார்க்கத் தகுந்தது' என்று சொல்வது ஒரு தீர்மானம். அதைச் சொல்கிறவன் அதற்குப் பொறுப்பேற்கிறான். தானாகப் புதுப்பிக்கும் யந்திரம் என்னிடமிருந்து எடுத்துக்கொள்வது மின்சாரத்தையோ நேரத்தையோ மட்டும் அல்ல, இந்தத் தீர்மானத்தை. நான் எதையும் முடித்ததாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. எப்போதும் ஏதோ ஒன்று முடிந்த மாதிரியே தெரிந்துகொண்டிருக்கிறது. விளைவு எப்படியிருக்கும் என்பதைத் தொழிலில் பார்க்கிறேன். படம் அழகாக வந்தவுடன் நிரலை விட்டுவிடுகிறார்கள். தரவே வராதபோது, பெயர் நீளமாக இருக்கும்போது, பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கும்போது என்ன ஆகும் என்ற கேள்விகள் பிரிவியூவில் ஒரு நல்ல உதாரணம் சிரித்துக்கொண்டிருப்பதால் எழுவதே இல்லை. இப்படிச் சொல்வதால், பார்க்காமலே எழுதி அனுப்பிவிடுகிறவனை நான் ஆதரிக்கிறேன் என்று ஆகாது. அவன் இன்னும் மோசம். ஓய்வூதியக் கணக்கைப் பார்க்க வந்த ஒரு கிழவர் பொத்தானைத் தேடித் திணறும்போது அவன் தன் ஏகாந்தத்தைப் பற்றிப் பேச முடியாது.

நம் வட்டத்தில் இது புதிதாகத் தோன்றக் கூடாது. அச்சுக் கோப்பவர் குச்சியில் எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாக, தலைகீழாக அடுக்கினார். வரி எப்படி வந்திருக்கிறது என்பது காலி புரூஃப் எடுத்தபின்தான் தெரியும். சைக்ளோஸ்டைல் பத்திரிகை நடத்தியவர்கள் ரிப்பனை விலக்கிவிட்டு ஸ்டென்சிலில் தட்டெழுதினார்கள். தட்டியது சரியாகக் கண்ணுக்கே தெரியாது. அதெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பிழைகளும் அச்சகத்துக்கு நடந்த நடையும் போதும் போதும் என்றிருந்தன. ஆனால் எழுதுவதும் பார்ப்பதும் இரண்டு காரியங்களாக இருந்தன. 1974இல் ஸெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான பிராவோ, எழுதும்போதே அச்சுப் பக்கத்தைத் திரையில் காட்டியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து டெக்ஸை உருவாக்கிய டொனால்ட் நூத் மறுபக்கம் போனார்: முதலில் எழுது, பிறகு ஓட்டிப் பார். இரண்டு மரபும் உயிரோடு இருக்கின்றன. இன்று ஃபேஸ்புக்கில் நேரடியாகக் கவிதை எழுதுகிறவர்களில் பலர் மூன்றாவது வரி எழுதும்போதே அது எந்த இடத்தில் மடிந்து 'மேலும் காண்க' ஆகும், யார் விருப்பக்குறி போடுவார் என்பதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுகிறார்கள். அவர்களுக்கு எந்த மெனுவிலும் எடுத்துவிடக்கூடிய குறி இல்லை. அந்தக் கவிதைகள் மோசமாக இருக்கின்றன என்றுகூடச் சொல்ல மாட்டேன். எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. எந்த வரியும் அடுத்த வரியால் தலைகீழாகிவிடும் அபாயத்தில் இல்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தீராத ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். வேலை கற்றுக்கொள்ள வருகிற பையன்களின் யந்திரத்தில் நான் பிரிவியூவை நிறுத்துவதில்லை. தான் எழுதிய சொல் திரையில் ஒரு நீலக் கட்டமாக எழுந்து நிற்பதைப் பார்க்கும் சந்தோஷம் இல்லாவிட்டால் முதல் மாதத்திலேயே அவர்களில் பாதிப் பேர் வராமல் போவார்கள். விக்டர் சொன்னது அவர்களிடம் முழுக்க நிஜம். எப்போது நிறுத்தச் சொல்வது? சொல்லவே வேண்டாம், தானாகவே ஒரு நாள் எரிச்சலடைந்து நிறுத்துவார்கள் என்று சில காலம் இருந்து பார்த்தேன். சிலர் நிறுத்தினார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் நிறுத்தவில்லை; அவர்களில் ஒருவன் என்னைவிட நன்றாக எழுதுகிறான். கேட்டால், அதைத் தான் பார்ப்பதே இல்லை என்கிறான்.