கலை உடைமையா, கடனா?

பொருளைக் கடனாகப் பெற்றவன் அதனைத் தந்தவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடுகிறது. கலையைப் பெற்றவன் செய்வது என்ன? ஆசான் தந்த பாட்டை ஆசானுக்கே திருப்பித் தர இயலாது. அஃது அவரிடம் முன்பே உள்ளது. கற்றவன் அதனைத் தன் உடைமையாகக் கொண்டு பொருளும் புகழும் ஈட்டி அமையலாமா? அன்றி, அதுவும் ஒரு கடன்தானா? கடனாயின் யாருக்குச் செலுத்துவது? பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம் இவ்வினாவைச் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் தகும்.

மும்பைத் தமிழர் தம்மவர் என்று உரிமை பாராட்டும் இசைவாணியர் இருவர் உளர். திருச்சூரில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, இந்நகரின் பெயராலேயே உலகறிந்த பாம்பே சகோதரிகள் சரோஜாவும் லலிதாவும் அவர்கள். 1995ஆம் ஆண்டில் நகரம் தன் பெயரை மாற்றிக்கொண்டது. இவர்கள் பெயரோ மாறவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருவரும் இணைந்தே பாடினர். 2010இல் சங்கீத கலாநிதி விருதும் 2020இல் பத்மஸ்ரீ விருதும் இருவரையும் சேர்ந்தே வந்தடைந்தன. 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் இளையவர் லலிதா மறைந்தார். அத்தனை ஆண்டுகள் மற்றொரு குரலோடு தன் குரலை இழைத்துப் பாடுவதற்குக் குரல்வளம் மட்டும் போதாது; ‘நான்’ என்னும் முனைப்பும் அடங்க வேண்டும். மேடையில் இவ்வடக்கத்தைப் பழகிய இவ்விருவரும், இளைஞர் பலருக்கு ஊதியம் கருதாது இசை பயிற்றினர் என்பதில் வியப்பில்லை.

இவர்கள் பெற்றது எங்கிருந்து? மும்பையில் எச். ஏ. எஸ். மணி அவர்களிடம் பயின்றனர். பின்னர்ச் சென்னையில் முசிறி சுப்பிரமணிய ஐயரிடமும், அவர்தம் மாணாக்கர் டி. கே. கோவிந்தராவிடமும் பயின்றனர். முசிறியார் 1938இல் ‘துக்காராம்’ படத்தில் மராட்டிய அருளாளராகவே நடித்துப் பாடிப் பெரும்புகழ் எய்தியவர். உடல்நலக் குறைவால் 1940களின் நடுவில் கச்சேரி மேடையை விட்டு விலகினார். ஆயின் அவர் இசைவாழ்வு அத்துடன் முடியவில்லை. 1949 முதல் 1965 வரை சென்னை மத்தியக் கர்நாடக இசைக் கல்லூரியின் முதல்வராக இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கினார். அவருக்கு ஆசான் சபேச ஐயர், சபேச ஐயருக்கு மகா வைத்தியநாத சிவன், சிவனுக்கு மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், அவருக்குத் தியாகராசர். இச்சங்கிலியில் எவரும் தாம் பெற்றதைப் பெற்ற இடத்தில் திருப்பிச் செலுத்தவில்லை. அடுத்து வந்தவருக்கே செலுத்தினர். அவருள் ஒருவரேனும் ‘என்னோடு போகட்டும்’ என்று இருந்திருப்பின், இன்று நம் செவிக்கு எட்டியிருப்பது யாது?

மேலைநாட்டிலும் இதுவே நெறி. ஆப்பரா என்னும் இசைநாடக மேடையில் ஒப்பாரின்றித் திகழ்ந்த மரியா காலாஸ், 1965இல் தம் இறுதி ஆப்பராவில் பாடினார். பின்னர் 1971–72இல் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் இளம் பாடகர்களை எதிரே நிறுத்திப் பயிற்றினார். குரல் தளர்ந்த பின்னும் கொடுப்பதற்கு ஒன்று எஞ்சியிருந்தது.

நிற்க. ‘அங்ஙனமாயின் ஊதியம் பெற்றுக் கற்பிப்பது இழிவோ?’ என்று கேட்போர் உண்டு. அன்று, நம் முன்னோர் அப்படிக் கருதியதில்லை. ஆசானுக்கு உற்றவிடத்து உதவியும் மிகுந்த பொருள் கொடுத்தும் கற்கவேண்டும் என்று பாண்டிய மன்னன் ஒருவனே புறநானூற்றில் பாடியிருக்கிறான். யார் யாருக்கு நூல் உரைக்கலாம் என்று வகுத்த நன்னூலார், பொருள் நிறையக் கொடுப்பவனையும் அவ்வரிசையில் சேர்த்திருக்கிறார். மாதுங்காவிலும் செம்பூரிலும் சிறிய வீட்டின் கூடத்தில் பாய் விரித்து, மாலைதோறும் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுத்துக் குடும்பம் காத்த ஆசிரியர்களை நாம் அறிவோம். இலவசமாகக் கற்பிக்க வாழ்க்கை வசதியும் வேண்டும். அது வாய்க்காதவர் பெறும் ஊதியம் நேர்மையான ஊதியமே.

ஆயினும் ஒன்று மறத்தலாகாது. மாதந்தோறும் நாம் கொடுக்கும் பணம் ஆசிரியரின் நேரத்துக்கும் உழைப்புக்கும் உரியது. அவர் சொல்லித்தந்த கீர்த்தனை ஆறு தலைமுறை காத்துத் தந்த செல்வம். அதற்கு நாம் விலை கொடுக்கவில்லை, கொடுக்கவும் இயலாது. எனவே கட்டணம் தீர்ந்த பின்னும் கடன் நிற்கிறது. அரங்கேற்றம் முடிந்த மறுநாளே தம்பூராவுக்கு உறையிட்டுப் பரண்மேல் ஏற்றிவிடும் வீடுகள் நம்மிடையே பல. பணம் கொடுத்துக் கற்றதுதானே என்று அவர்கள் அமைதி கொள்கின்றனர். கடன் அடையாமலே கணக்கு மூடப்படுகிறது.

நன்னூலார் வரிசையில் வழிபட்டு நிற்பவனும், சொன்னதைச் சொன்னவாறே கொள்ளும் ஆற்றலுடையவனும் இடம்பெறுகின்றனர். இவ்விருவரிடமும் பணம் இருந்தாக வேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. இதை மும்பையில் வைத்து எண்ணுக. மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே உள்ள தூரம் நடந்து கடக்கத்தக்கது. சண்முகானந்த மண்டபமும் அங்கிருந்து தொலைவில் இல்லை. ஆயினும் தாராவியின் தமிழ்ச் சிறுமி ஒருத்திக்கு இசை வகுப்பின் வாயில் எத்துணைத் தூரம்! கட்டணம் மட்டுமன்று அத்தூரம். பழக்கமும் குலப்பெருமையும் வகுத்த தூரம் அது. அவளும் தமிழ் பேசுபவள். அவள் பெற்றோரும் நம்மைப் போலவே வண்டியேறி வந்தவர்கள். கொள்ளும் செவி அவளுக்கு இருக்குமாயின், நம்மிடம் உள்ள கடனுக்கு அவளும் உரியவள் அல்லளோ?

ஊரில் இருப்போர்க்கு ஒருவர் கற்பிக்காவிடினும் கோயிலிலோ தெருவிலோ மற்றொருவர் வாயிலாக இசை செவியில் விழும். புலம்பெயர்ந்தோர்க்கு அவ்வாய்ப்பு குறைவு. இங்கே ஒரு தலைமுறை வாய் மூடியிருந்தால், அடுத்த தலைமுறைக்குக் கேட்பதற்கே ஒன்றும் இராது. மொழிக்கும் இது பொருந்தும். ஆதலின் இசை கற்ற தாய்மார் வாரத்தில் ஒரு மாலையேனும் தம் மக்களோடு அயலார் பிள்ளை ஒன்றையும் அமர்த்திக்கொள்ளட்டும். தமிழ்ச் சங்கங்கள் விழாவுக்கு மண்டபம் தேடும் ஊக்கத்துடன் இத்தகைய வகுப்புக்கும் ஓர் அறை தேடித் தரட்டும். நமக்குக் கற்பித்தவர்க்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு இதுவே.