கல்லுக்குச் சான்றிதழ் உண்டு, பலனுக்கு?

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் ராசிக்கல் வாங்கப் போகிறவர்கள் இப்போது விவரமாகத்தான் போகிறார்கள். "லேப் சர்ட்டிபிகேட் உண்டா?" என்று கேட்ட பிறகுதான் விலை பேச்சு. எங்கள் தெரு அம்மா ஒருவரும் என்னிடம் அதையேதான் கேட்டார். மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். ஜாதகம் பார்த்தவர் ஐந்து காரட்டில் நீலம் போடச் சொல்லியிருக்கிறார். "கல்லு ஒரிஜினல்தான்னு கடைக்காரர் சொல்றாரு சார். இருந்தாலும் தனியா ஒரு லேப்ல குடுத்துப் பாத்துடலாமா?" இரண்டு வளையலை அடகு வைத்துத்தான் இந்தக் கல்லை வாங்கப்போகிறார்.

கொடுத்துப் பாருங்கள் என்றேன். பணம் போட்டு வாங்கும் எந்தக் கல்லுக்கும் அது நியாயமான கேள்வி. 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் கட்டாயம் என்பது தங்கத்துக்குத்தான். மோதிரத்தில் பதித்த கல்லைப் பற்றி அந்த முத்திரை ஒன்றும் சொல்லாது. கல்லின் தரத்தைச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும்.

ஆய்வகத்தில் நடப்பது பார்க்க அழகான வேலை. ஒளிவிலகல்மானியின் கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டுத் திரவம் வைத்து, கல்லின் தட்டையான முகத்தை அதன்மேல் வைப்பார்கள். அளவுகோலில் நிழல்கோடு 1.762க்கும் 1.770க்கும் பக்கத்தில் விழுந்தால் அது குருந்தம், அதாவது நீலமும் மாணிக்கமும் சேர்ந்த இனம். காற்றில் ஒருமுறை, தண்ணீரில் ஒருமுறை எடை போட்டால் அடர்த்தி 4 வர வேண்டும். பிறகு நுண்ணோக்கி. மண்ணில் விளைந்த கல்லுக்குள் ஊசி ஊசியாக வேறு கனிமம் ஓடும், வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும். உலையில் உருக்கி வளர்த்த கல்லில் கோடுகள் வளைந்திருக்கும், காற்றுக் குமிழிகள் தெரியும். பிரான்சின் வெர்னுயி 1902இல் மாணிக்கத்தை இப்படி உருக்கி வளர்க்கும் முறையை அறிவித்தார். அதே அலுமினிய ஆக்சைடு, அதே குரோமியம், அதே சிவப்பு, அதே ஒளிவிலகல்.

நான் கேட்க நினைப்பது இங்கே தொடங்குகிறது. கல்லின் பொருளில்தான் சக்தி என்றால், வெர்னுயியின் கல்லிலும் அதே பொருள்தானே இருக்கிறது? இல்லை, இயற்கைக் கல்தான் வேலை செய்யும் என்கிறார்கள். சரி, இலங்கையில் கிடைத்த பால்போல் வெளிறிய கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வாங்கிச் சூளையில் சுட்டு நீலமாக்கினார்கள். அவையும் இயற்கைக் கற்களே. அதற்கும் பதில் தயார்: சுட்ட கல்லில் பலன் குறைவாம். எந்தக் கல் விலை கூடியதோ அதில்தான் கிரகத்தின் பலனும் கூடுகிறது. சந்தை எழுதிய விலைப்பட்டியலையே சனியும் படிக்கிறது என்று நம்பச் சொல்கிறார்கள்.

இங்கிலாந்து மன்னர்களின் மணிமுடியில் 'கருப்பு இளவரசனின் மாணிக்கம்' என்றொரு பெரிய சிவப்புக் கல் இருக்கிறது. 1415இல் அஜின்கோர்ட் போரில் ஐந்தாம் ஹென்றி அதை அணிந்திருந்தார் என்பது மரபுக் கதை. அந்தப் போரில் அவர் வென்றார். கல்லோ மாணிக்கமே இல்லை, ஸ்பினல் என்ற வேறு கனிமம். கண்ணால் மட்டும் பார்த்துக் கல் வாங்கிய காலத்தில் நம் முன்னோர் விரலிலும் இப்படி எத்தனையோ ஸ்பினல்கள் மாணிக்கமாக உட்கார்ந்திருக்கும். கல் மாறியிருந்ததை எந்தக் கிரகமும் காட்டிக்கொடுக்கவில்லை.

பலனைச் சோதிக்க முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். குரோம்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். 1928இல் டேவிட் சவரிமுத்து அங்கே காசநோய் விடுதியை நிறுவினார். ஓய்வும் நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் இல்லாமல் காசநோய் தீராது என்று உலகம் முழுக்க டாக்டர்கள் நம்பிய காலம் அது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் அந்த நம்பிக்கையையே சோதனைக்கு வைத்தார்கள். ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சானடோரியத்திலும் மற்றதற்கு வீட்டிலும் ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானதும் உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. பல தலைமுறை மருத்துவர்கள் மனதார நம்பிய ஒன்றை, அளந்து பார்த்ததும் விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு இது நம் ஊரின் பெருமைகளில் ஒன்று.

ஜோதிடத்துக்கும் அப்படி ஒரு சோதனை நடந்தது. மகாராஷ்டிரத்தில் வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகரின் குழு, நன்றாகப் படிக்கும் 100 பிள்ளைகளின் ஜாதகத்தையும் மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகளின் ஜாதகத்தையும் கலந்து, ஆளுக்கு 40 அனுப்பி, எது யாருடையது என்று கேட்டது. 27 ஜோதிடர்கள் பதில் அனுப்பினார்கள். அதிகபட்சமாக ஒருவர் சரியாகச் சொன்னது 24. சராசரி பாதிக்கும் கீழே. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலே 20 தேறும்.

நீலத்துக்கு மட்டும் ஜோதிடர்கள் தங்கள் பங்குக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள்: மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பாருங்கள், கெட்ட கனவு வந்தால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். வேலையில்லாத மகன் இருக்கும் வீட்டில் கெட்ட கனவுக்குக் கல் வேண்டுமா?

அதனால் சொல்கிறேன், கண்ணாடியை நீலம் என்று விற்பவரைவிட, அசல் நீலத்தை 'வேலை வாங்கித் தரும்' என்று விற்பவர்தான் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய தீங்கு செய்கிறார். முன்னவர் கல்லின் பெயரில் பொய் சொல்கிறார், மாட்டினால் தண்டனை உண்டு. பின்னவர் ஒரு தாயின் பயத்தை விலையாக்குகிறார், கையில் ஆய்வகச் சான்றிதழும் வைத்திருக்கிறார். இயற்பியல் தந்த ஒரு நேர்மையான அட்டை, அது சொல்லாத வாக்குக்கு ஜாமீன் நிற்கிறது. தாயத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வேலையும் கல்யாணமும் நோய் இல்லை என்பதால் இந்த வியாபாரம் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

மனசுக்குத் தெம்பு கிடைக்கிறதே என்பார்கள். தெம்புதான் விற்கப்படுகிறது என்றால் அதை ஐம்பது ரூபாய்க் கண்ணாடியிலும் தரலாம், வளையலை அடகு வைக்கச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட எனக்கு வலிப்பது வேறு: நாளை அந்தப் பையனுக்கு வேலை கிடைத்தால், அவன் நான்கு வருடம் படித்த படிப்பும் ஏறி இறங்கிய இன்டர்வியூக்களும் கல்லின் கணக்கில் போய்விடும். கிடைக்காவிட்டால் கல்லுக்குப் பழி வராது. 'இவனுக்கு நேரம் சரியில்லை' என்று பழி அவன் மேலேயே திரும்பும்.

அந்த அம்மாவிடம் இரண்டாவதாக ஒன்றும் சொன்னேன். கடைக்காரரிடம் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள் அம்மா: கல் எது, எத்தனை காரட், சுட்டதா சுடாததா. அதற்குக் கீழே, எத்தனை மாதத்தில் வேலை கிடைக்கும், கிடைக்காவிட்டால் பணம் திரும்ப உண்டா என்பதையும். ஆய்வகங்களும் ஒரு வரி சேர்க்கட்டும்: 'இது கனிமத்தைப் பற்றிய சான்று மட்டுமே, அணிபவரின் வாழ்க்கையில் இக்கல் எந்த மாற்றமும் தரும் என்று எங்கள் சோதனை காட்டவில்லை.' அழகுக்காக நீலம் வாங்குகிறவருக்கு இந்த வரியால் ஒரு நஷ்டமும் கிடையாது. வளையலைத் துணியில் சுற்றி அடகுக் கடைக்கு எடுத்துப்போகிறவருக்கு அது அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.