சின்ன வண்டி என்று எவன் சொன்னான்?

அந்தமான் பத்துபஸ்தியில் ஸ்பேனர் பிடிக்கும் தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். ஷெட்டில் ஒரு பழைய மாருதி 800 நிற்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர். அதில் மாருதி எஸ்டீம் காரின் 1298 சிசி எஞ்சினை ஏற்றிப் பார்க்க உனக்கு ஆசை. "தீவில் இருந்துகொண்டு இதெல்லாம் ஆகிற காரியமா?" என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஆகும். உன் கையாலேயே ஆகும்!

சின்ன வண்டியில் பெரிய எஞ்சின் ஏறிய கதை ஒன்று சொல்கிறேன். 1959இல் இங்கிலாந்தில் மினி கார் வந்தது. மாதிரி வண்டிகளில் முதலில் இருந்தது 948 சிசி எஞ்சின். வேகம் மிஞ்சுகிறது என்று அதை 848க்கு இறக்கித்தான் விற்பனைக்கு விட்டார்கள். வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு அது சாதாரணக் குடும்பங்கள் போய்வரும் வண்டி, அவ்வளவுதான். பந்தயக் கார் கட்டிய ஜான் கூப்பரோ அதற்குள் பதுங்கியிருந்த புலியைப் பார்த்துவிட்டார். பெரிய எஞ்சினுக்கு இசிகோனிஸ் மசியவில்லை. கூப்பரும் விடவில்லை. நேரே மினியைத் தயாரித்த கம்பெனியின் மேலிடத்தில் இருந்த ஜார்ஜ் ஹாரிமனிடம் போய் நின்றார். 1961இல் 997 சிசி எஞ்சினோடு மினி கூப்பர் சாலைக்கு வந்தது. 1964 மான்டி கார்லோ ராலியில் 1071 சிசி மினி முதலிடம். இரண்டாவதாக வந்தது 4.7 லிட்டர் வி8 எஞ்சின் வைத்த ஃபோர்டு ஃபால்கன். போட்டி விதிகள் சின்ன எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுத்தன, உண்மை. ஆனால் பனி மலைச் சாலையில் வண்டியை விரட்டியது விதியா?

இன்னொன்றையும் கவனி. கூப்பர் பெரிய எஞ்சினோடு முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்த்தே வைத்தார். வேகத்தைக் கேட்கிறவனுக்கு அதை அடக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெளிவுக்குத்தான் தன்னம்பிக்கை என்று பெயர்.

இங்கிலாந்து தூரம் என்கிறாயா? கோயம்புத்தூருக்கு வா. அங்கே எஸ். கரிவரதன் என்பவர் நீ வைத்திருக்கும் அதே மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. வெளிநாட்டுக் கார் கிடைக்கட்டும் என்று கை கட்டி உட்காரவில்லை. 1995இல் விமான விபத்து அவரைக் கொண்டுபோனது. ஆனால் ஃபார்முலா மாருதியில் பந்தயம் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக நின்றார்.

இப்போது உன் ஷெட்டுக்கு வருகிறேன். செயின் பிளாக்கில் எஞ்சினைத் தூக்கும் முன் கீழே படுத்து, பாடியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். கடல் காற்றுக்குத் தகடு எங்கெங்கே பொடிந்திருக்கிறதோ அங்கெல்லாம் புதுத் தகடு வெல்ட் செய்ய வேண்டும். துருவில் மவுண்ட் அடித்தால் அந்த எஞ்சின் ஒருநாள் உன்னை ஏமாற்றும். எஞ்சினோடு அதன் கியர்பாக்ஸும் வரட்டும். ஆக்ஸில் நீளம், கிளட்ச், ரேடியேட்டர், முன் ஸ்பிரிங், பிரேக் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் போடு. மாருதி ஜிப்சி எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்காதே. அது நீளவாக்கில் உட்காருவது, உன் வண்டியில் குறுக்குவாக்கு. சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டிய சாமானுக்குக் காத்திருக்கும் நாட்களில் அளவெடு, வரை, திரும்ப அளவெடு. காத்திருக்கும் காலமும் வேலைக் காலம்தான் தம்பி!

சட்டத்தின் முன்னும் நிமிர்ந்து நில். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 குறுக்கே நிற்கிறது: கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எனவே போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேள். முடியாது என்றால் அந்த வண்டி பந்தயத் தடத்துக்கு மட்டும்; அந்தமான் டிரங்க் ரோட்டுக்கு இல்லை. கள்ளத்தனமாக ஓட்டுகிறவன் ஒவ்வொரு திருப்பத்திலும் போலீஸைத் தேடுவான். உனக்கு எதற்கு அந்த நடுக்கம்?

நாளைக் காலை ஷெட்டைத் திற. எஞ்சினைத் தொடாதே. முதலில் நாலு சக்கரத்தையும் கழற்றி பிரேக்கைப் பார்.