பிரித்தது யார்?

சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிதானமாகப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனி பஸ்கள், நைட் ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம், கையில் கறுப்பு அட்டை போட்ட பைபிளுடன் குடும்பம் குடும்பமாக நடந்து போவார்கள். ஓடு வேய்ந்த பழைய தேவாலயம், தகரக் கூரை போட்ட ஜெபவீடு, ஹார்டுவேர் கடை மாடியில் வாடகை ஹால் என்று ஆளுக்கொரு திசையில் பிரிந்து போவார்கள்.

“ஒரே சாமி, ஒரே புத்தகம். அப்புறம் ஏன் சார் இத்தனை போர்டு?” என்று வேற்று மதத்து நண்பர்கள் சிரித்துக்கொண்டே கேட்பதுண்டு.

சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றிப் பார்ப்பது நல்லது. ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோஷ்டியூரில் ரகசிய மந்திரத்தை ஊரறியச் சொன்னவர் என்று போற்றப்படுகிறவர். அவருடைய வழியில் வந்தவர்கள்தான் வடகலை, தென்கலை என்று பிரிந்தார்கள். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் யார் முதலில் பாடுவது, யானைக்கு எந்த நாமம் போடுவது என்றெல்லாம் தகராறு செய்து, கோர்ட் படி ஏறினார்கள். நம்மூரில் பிரியாத கட்சி உண்டா? பிரியாத சங்கம் உண்டா? எனவே இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான வியாதி அல்ல. ஆனால் பிரிந்தவர்கள் திரும்பச் சேர்ந்த கதை அபூர்வம். அப்படி ஒரு கதை அவர்களிடம் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் ஒரு கேள்வி.

கற்பனையாகவே வைத்துக்கொள்வோம். நாற்பது குடும்பங்கள் உள்ள ஒரு சபை. எல்லோரும் இங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள். சிறுகச் சிறுகக் காணிக்கை சேர்த்து நிலம் வாங்கினார்கள். சிப்காட் வளர்ந்ததில் நிலத்தின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. ஒருநாள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “பத்திரம் யார் பேர்ல இருக்குது? கணக்கைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க” என்கிறார். மேடையில் இருப்பவருக்கு முகம் சிவக்கிறது. “சபையில பிரிவினையைக் கொண்டு வராதீங்க பிரதர்!” என்கிறார். மூன்று மாதத்தில் பதினெட்டுக் குடும்பங்கள் வெளியேறி, அடுத்த தெருவில் புது போர்டு மாட்டுகின்றன.

சபையைப் பிரித்தது யார்? கேள்வி கேட்டவரா, பதில் சொல்லாதவரா?

இதைக் கையில் வைத்துக்கொண்டு, நூறு வருஷத்துக்கு முந்தைய தரங்கம்பாடிக்குப் போவோம்.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் ஒருவர் எந்தப் பிரிவுக் கிறிஸ்தவர் என்பதை அவருடைய மனசாட்சியைவிட அவருடைய தாலுகாதான் அதிகம் முடிவு செய்தது. மிஷன்கள் ஊர்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஸ்காட்லாந்து மிஷன். திருவள்ளூர் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்ட். திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன். மதுரையில் அமெரிக்கன் மிஷன். நாகர்கோவிலில் லண்டன் மிஷன். ஆற்காட்டில் அமெரிக்க சீர்திருத்த சபை. தரங்கம்பாடி, தஞ்சாவூர்ப் பக்கம் லுத்தரன்கள். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் கல்யாணப் பஞ்சாயத்துக்கும் நாசரேத்துப் பனையேறிக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அந்தச் சண்டையின் வாரிசுப் பத்திரம் கப்பலேறி வந்து இவர் கையில் கொடுக்கப்பட்டது.

1919 மே மாதம் முதல் இரண்டு நாட்கள் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். முன்னணியில் நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர். அந்தக் கூட்டம் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இதுதான்: இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள் மேல் வைக்கப்பட்டவை, இவற்றைத் தொடர நாங்கள் விரும்பவில்லை.

இதைச் சொல்ல இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. செய்து முடிக்க இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று.

சிக்கல் எங்கே என்றால், பிஷப்பிடம். ஆங்கிலிக்கன் சபையில் பிஷப் கை வைத்துப் பட்டம் கொடுத்தால்தான் குரு. மற்றவர்கள் பலருக்கு பிஷப் என்ற பதவியே ஒத்துவராது. “உங்க குருவுக்கு மறுபடி பட்டம் கொடுத்துச் சேர்த்துக்கிறோம்” என்றால் என்ன அர்த்தம்? நாற்பது வருஷமாக அவர் கொடுத்த ஞானஸ்நானமும் திருவிருந்தும் டூப்ளிகேட் என்று அர்த்தம். யார் ஒத்துக்கொள்வார்கள்?

நான் காமர்ஸ் படித்தவன். ஒரு கம்பெனி இன்னொன்றை விழுங்குவதற்குப் பேர் வேறு. இரண்டும் சேர்ந்து புதிதாக ஒன்று ஆவதற்குப் பேர் வேறு. முதல் வகையில் ஒருவருடைய போர்டு மட்டும் இறங்கும். இரண்டாவதில் எல்லோருடைய போர்டும் இறங்கும். அசரியாவும் அவருடைய கூட்டாளிகளும் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. இத்தனை நாள் பிடித்ததும் அதனால்தான்.

கடைசியில் அவர்கள் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். ஒன்று, யாருக்கும் மறுபடி பட்டம் கிடையாது. சேரும் நாளில் குருவாக இருக்கும் அத்தனை பேரும் சமமான குருமார்கள். இனிமேல் வருகிறவர்களுக்கு மட்டும் பிஷப் பட்டம் கொடுப்பார். இரண்டு, இரண்டு வகையினரும் முப்பது வருஷம் கூடவே இருக்கட்டும். விதிவிலக்கு அதற்கப்புறமும் வேண்டுமா என்பதை அன்றைக்கு இருக்கிற சபை முடிவு செய்யட்டும். மூன்று, மனசாட்சிப்படி ஒரு குருவை ஏற்க முடியாது என்று ஒரு சபை சொன்னால், அவரை அதன் தலையில் கட்ட மாட்டோம் என்று வாக்குறுதி.

இந்த மூன்றுக்குள்ளும் ஒரே விஷயம்தான் இருக்கிறது. ‘நீ செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டு உள்ளே வா’ என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்றும் அடம் பிடிக்கவில்லை. சில கணக்குகளைப் பாக்கியாக அடுத்த தலைமுறைக்கு விட்டார்கள். அதையும் ஒளிக்காமல், பாக்கி என்றே எழுதி வைத்தார்கள்.

எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட் இருக்கிறாரே, அவர் 1943-ல் இந்தத் திட்டத்தை எதிர்த்து லண்டனில் ஒரு சிறு நூலே எழுதினார். அசரியா 1945 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27-ம் தேதி, சுதந்திரம் வந்து ஆறு வாரம் கழித்து, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அன்றைக்கு அதில் சுமார் பத்து லட்சம் பேர். நாடு இரண்டாகப் பிரிந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்த வாரங்களில் சென்னையில் சிலர் ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அன்று பிஷப் ஆனவர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். அதற்கு முன்பு நம் பக்கத்துக் காஞ்சிபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷன் ஊழியராக இருந்தவர்.

எல்லோரும் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தரங்கம்பாடியில் அறிக்கை பிறந்தாலும், அந்த ஊரின் லுத்தரன் சபை தனியாகவே இருக்கிறது. ஆந்திராவில் நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன்களில் பலர் வர மறுத்தார்கள். 1970-களில்தான் வந்தார்கள்.

சுபம் என்று போட்டு இங்கேயே முடித்துவிடலாம். நியாயமாக இருக்காது. ஏனென்றால் பிஷப் பிரச்னை தீர்ந்தது. ஜாதிப் பிரச்னை தீரவில்லை. கப்பலில் வந்த சுவரை இடிப்பது சுலபமாக இருந்திருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சுவர்தான் கெட்டி.

இதற்கு எந்தப் பிரிவும் விலக்கல்ல. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கிறது. பேன்ட் மாதிரி இரண்டு கால் வைத்துக் கட்டியது. ஒரு ஜாதி ஒரு காலில், இன்னொரு ஜாதி இன்னொரு காலில். இரண்டு பேருக்கும் பீடம் மட்டும் பொது. 1910-ல் ஒரு பாதிரியார் நடுவிலிருந்த தடுப்பை எடுத்தார். உடனே வழக்கு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சுவர் எழுப்பிய கதையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். மோதல் வந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

எறையூரை எடுத்துக்கொண்டு யோசியுங்கள். தனிப் பங்கு கேட்டவர்கள் ஒற்றுமையைக் குலைத்தவர்களா? சமமாக நடத்தப்பட்டிருந்தால் தனியாக ஏன் கேட்கப் போகிறார்கள்? அவர்கள் பிரியவில்லை. ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருந்ததை வாய்விட்டுச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஒற்றுமை என்ற சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்து ‘ஒற்றுமையா இருப்போம்ப்பா’ என்றால் அநேகமாக ‘சும்மா இரு’ என்று அர்த்தம். கீழே இருப்பவர் மேலே பார்த்துச் சொன்னால் ‘என்னையும் சேர்த்துக்கொள்’ என்று அர்த்தம். இந்தச் சாலையில் இருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டாம். 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே உட்கார்ந்ததன் மையக் கோரிக்கை, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பதுதான். எந்தத் தொழிற்சாலையாக இருந்தாலும் சங்கம் என்றதும் ‘நாம எல்லாரும் ஒரே குடும்பமாச்சே’ என்று ஒரு குரல் கேட்கும். குடும்பம்தான். ஆனால் குடும்பத்தில் யாருக்குக் கறித்துண்டு, யாருக்குக் குழம்பு என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

அதற்காக, கோபம் வந்தால் உடனே போர்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாமா? அதுவும் சரியில்லை. பிரிந்து போகிறவர் பெரும்பாலும் அதே சபையைத்தான் சிறிய அளவில் மறுபடி கட்டுகிறார். அங்கேயும் ஒரு மேடை, ஒரு மைக், ஒரு பத்திரம். ஐந்து வருஷம் கழித்து அங்கேயும் ஒருவர் எழுந்து கணக்குக் கேட்பார்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், போனவர்களைப் பாருங்கள். கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபைட் சண்டை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. 2017-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. சட்டப்படி யாருக்கு நிர்வாகம் என்பது முடிவானது. ஆனால் சாவியை வாங்கிக் கொடுக்க முடிந்த கோர்ட்டால், கதவுக்கு வெளியே நிற்கிறவரை உள்ளே அழைத்து உட்கார வைக்க முடியவில்லை. ஒன்று சேர்ந்து உலகத்துக்கே வழிகாட்டிய தென்னிந்தியத் திருச்சபையும் சமீப ஆண்டுகளில் தன் தேர்தல் தகராறுகளுக்காக ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று அலைந்ததை நாம் பார்த்தோம். 1947-ல் சேர்ந்துவிட்டதால் மட்டும் ஒற்றுமை தங்கிவிடுவதில்லை. அது பிக்ஸட் டெபாசிட் இல்லை. மாசா மாசம் கட்ட வேண்டிய சீட்டு.

யோவான் எழுதின சுவிசேஷத்தின் 17-வது அதிகாரத்தில், சாவதற்கு முந்தின ராத்திரி இயேசு தன் ஆட்கள் எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறார். நம்பிக்கை உள்ளவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் விஷயம். வெளியிலிருந்து வாசிக்கிற எனக்கு ஒன்று தோன்றுகிறது. அதே ராத்திரியில்தான் அவர் சீடர்களின் காலைக் கழுவினார். ஒன்றாக இருங்கள் என்று கேட்பதற்கு முன்னால் குனிந்திருக்கிறார். மேடையிலிருந்து ஒற்றுமை பேசுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனித்தால் தேவலை.

சரி, நாற்பது குடும்பத்துக்கு வருவோம். தரங்கம்பாடிக்காரர்கள் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? கேட்டவரைப் பிசாசு பிடித்தவர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். மேடையில் இருப்பவரைத் திருடன் என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்திரத்தையும் கணக்கையும் நடுவில் வைத்து, எல்லோரும் பார்க்க வாசித்திருப்பார்கள். தீராத விஷயத்துக்கு ஒரு கெடு வைத்து, அதுவரை சேர்ந்தே இருப்போம் என்றிருப்பார்கள். ஒருவருக்கு மனசாட்சி இடம் தராததை அவர் தலையில் கட்டியிருக்க மாட்டார்கள். இதற்கெல்லாம் வேதாந்தம் தேவையில்லை, பொறுமை தேவை. அவர்களுக்கு இருபத்தெட்டு வருஷம் பொறுமை இருந்தது. நமக்கு அடுத்த ஞாயிறு வரைகூட இல்லை.

ஆகவே என் தீர்ப்பு கேள்வி கேட்டவர் பக்கம். கேள்வி சபையைப் பிரிப்பதில்லை. அதற்குக் கிடைக்காத பதில்தான் பிரிக்கிறது. வெளியே போன பதினெட்டுக் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு பொறுப்பு உண்டு, மூன்று மாதத்தில் கிளம்பிவிட்டதற்காக. ஆனால் பெரிய பங்கு, பதில் சொல்லும் இடத்தில் இருந்து சொல்லாமல் விட்டவருக்குத்தான்.

புதுப் பங்குதாரர் வரும்போதும், இருப்பவர் விலகும்போதும்தான் ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்துக்கு விலை போடுவார்கள் என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். சபைக்கும் அதே கணக்குதான். ஜார்கண்டிலிருந்து நேற்று வந்த கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு எந்த பெஞ்சில் இடம் கிடைக்கிறது, கோபித்துக்கொண்டு போனவர் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யார் போகிறார்கள்... இந்த இரண்டையும் பாருங்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.