கால் மணிக்கு 250 வார்த்தை

நாவல் முக்கால்வாசி முடிந்துவிட்டது, மிச்சத்துக்கு 'மூட் வரலை' என்கிறார் எழுத்தாளர். நாம் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறோம். ஆபீஸ் கணக்கர் அதையே சொன்னால் விடுவோமா?

ஆண்டனி டிராலப், பிரிட்டிஷ் தபால் இலாகா அதிகாரி. 47 நாவல் எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். முதல் அரை மணி, முந்தின நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை. எத்தனை பக்கம் ஆச்சு என்று தினமும் டைரியில் குறிப்பார். சும்மா இருந்த நாளும் அதில் பல்லிளிக்கும்.

இறந்த மறுவருடம், 1883-இல் வெளிவந்த சுயசரிதையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருந்தார். பலர் முகம் சுளித்தார்கள். இது இலக்கியமா, செருப்புத் தைக்கிற வேலையா? (அந்த ஒப்பீட்டைச் செய்ததே அவர்தான்!)

பி.காம். புத்தியோ என்னவோ, எனக்கு அந்த டைரி பிடித்திருக்கிறது. நன்றாக எழுதினேனா என்பதில் நீங்கள் உங்களையே ஏமாற்றிக்கொள்ளலாம். எத்தனை பக்கம் என்பதில் முடியாது. பக்கக் கணக்கு தரத்துக்கு உத்தரவாதமில்லைதான். டிராலப்பிலும் சுமார் ரகம் உண்டு. ஆனால், 'யோசிச்சுக்கிட்டிருக்கேன்' என்றே வருஷத்தை ஓட்டுகிறவருக்குப் பொய் சொல்ல முடியாத ஓர் இடமாவது வேண்டாமா?

சொல்ல விட்டுப்போச்சே. அவரை எழுப்பிக் காபி கொடுக்க வயதான குதிரைக்காரர் ஒருவர் இருந்தார். இதற்காக வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். ஒருநாள்கூடத் தாமதித்ததில்லையாம். தன் வெற்றிக்கு மற்ற எவரையும்விட இவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேனோ என்கிறார் டிராலப்.

அது சரி, அந்தக் கிழவரை யார் எழுப்பினார்கள்?