கலப்பும் கைங்கரியமும்

1996-ல் ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் ‘கலோனியல் கசின்ஸ்’ என்ற பெயரில் தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். கச்சேரி மேடையிலும் பாலசரஸ்வதியின் அபிநயத்திலும் யமுனா கல்யாணியாக நமக்குப் பழகிப்போன வியாசராயரின் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ அதில் கிடாரோடும் ஆங்கில வரிகளோடும் சேர்ந்து வந்தது. அந்த ஆங்கில வரிகள் கண்ணனை ராமனாக, ஏசுவாக, அல்லாவாக, எந்த உருவிலாவது திரும்பி வரும்படி கெஞ்சின. 2002-ல் டெல்லியைச் சேர்ந்த கௌரவ் ரைனா, தபன் ராஜ் இருவரும் ‘மிடிவல் பண்டிட்ஸ்’ என்ற தங்கள் பெயரிலேயே முதல் ஆல்பம் போட்டார்கள். அதில் இந்துஸ்தானி இசை கணினித் தாளத்தின் மேல் ஏறி நடன அரங்குக்கே போய்விட்டது. இப்படிப்பட்ட ஆல்பங்கள் வரும்போதெல்லாம் எழும் சர்ச்சை ரசனையைப் பற்றியது போலத் தோன்றும். ஆனால் அடியில் இருப்பது சமயக் கேள்வி. பல வீட்டுச் சரக்கு கலந்து, மின்சாரத்தில் பிறந்த ஓசை இறைவனுக்கு ஆகுமா? ஆசாரத்தில் சற்றும் தளராத ஊர் என்று பெயர் பெற்ற திருவரங்கத்தை முன்வைத்தே இந்தக் கேள்விக்கு விடை தேடலாம். அந்த ஊரின் வழிபாடும் தத்துவமும் நாம் எதிர்பார்க்கிற பதிலைச் சொல்லவில்லை.

திருவரங்கத்து இசை மரபும் இரண்டு பேரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த நாதமுனிகள், மறைந்து கிடந்த ஆழ்வார் பாசுரங்களான நாலாயிரத்தையும் மீட்டு, இசைக்கு உரியதென்றும் இயலுக்கு உரியதென்றும் வகுத்து, இசைப் பாக்களுக்குப் பண்ணும் தாளமும் அமைத்துத் தம் மருமக்களான மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவருக்கும் கற்பித்தார் என்கிறது குருபரம்பரை. அவர்கள் வழியில் வருவதே அரையர் சேவை. மார்கழி, தை மாதங்களில் நடக்கும் அத்யயன உற்சவத்தில் அதை இன்றும் பார்க்கலாம். காதை மூடித் தொங்கும் பட்டைகளோடு கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் வெண்கலத் தாளம் ஏந்தி அரையர் நிற்பார். பாசுரத்தைப் பாடுவார், அதையே கையாலும் கண்ணாலும் அபிநயிப்பார், பிறகு தம்பிரான்படி வியாக்கியானத்தை வசனமாகச் சொல்வார். முத்துக்குறி என்னும் பகுதியில் மகளும் தாயும் குறி சொல்லும் கட்டுவிச்சியும் ஒருவரே. பாட்டு, கூத்து, உரை, ஊர்ப்புறத்துக் குறி எல்லாம் ஒரே உடம்பில் கூடுகின்றன. வேதம் ஓதும் சன்னிதியில் தமிழ்ப் பாட்டைப் பாடுவதும் அதற்கு ஆடுவதும் ஒரு காலத்தில் புதுமையாகத்தான் இருந்திருக்கும். இன்று அதைவிடப் பழமையானதாக நாம் எதையும் மதிப்பதில்லை.

கலப்பு பாட்டோடு நின்றுவிடவில்லை. நம்பிள்ளை திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குச் சொன்ன விளக்கத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியதே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதன் மொழி தனித் தமிழும் அல்ல, தனி வடமொழியும் அல்ல, மணிப்பிரவாளம். மணியும் பவளமும் ஒரே சரத்தில் கோத்தது என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் கலப்பைக் குறையாக நினைக்கவில்லை. அதை அணியாகவே பூண்டார்கள். தத்துவத்தின் நுட்பத்துக்கு ஒரு மொழியும் நெஞ்சின் உருக்கத்துக்கு இன்னொரு மொழியும் தேவைப்பட்டபோது இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தார்கள். அதே கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்கு இடம் இருக்கிறது. பெருமாளிடம் மனத்தைப் பறிகொடுத்த சுல்தானின் மகள் என்று மரபு சொல்லும் அவளுக்காகவே அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள், கைலி சாத்துகிறார்கள். வெளியிலிருந்து வந்த ஒருத்தியின் அன்புக்காகப் பெருமாளின் தளிகையும் உடையுமே மாறுமென்றால், கண்ணனைப் பல பெயர் சொல்லி அழைக்கும் ஒரு பாட்டு இந்த மரபுக்கு அந்நியம் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வந்தவர்கள் வீட்டு முறையைக் கற்றுக்கொண்டு வந்தார்கள், புதிய இசைக்காரர்களோ தங்கள் முறையை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள் என்பார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் கமகத்தைக் கற்ற பிறகே நம் வாத்தியமானது. சதிர் ஆட்டத்துக்குப் பக்கவாத்தியமாக நுழைந்த கிளாரினெட்டைத் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் ராக ஆலாபனைக்குப் பழக்கினார்; 2008-ல் சங்கீத கலாநிதி விருதும் 2022-ல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. ஆந்திரத்துக் கரவதியில் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா தஞ்சாவூர் பாணி நாகஸ்வரத்தைக் கற்று, திருவரங்கத்திலேயே குடியேறி அரங்கனுக்கு வாசித்தார். இவை எல்லாம் உண்மை. ஆனால் முறையைக் கற்க முடியுமா, முடியாதா என்பது வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிடாது. ஹார்மோனியத்தின் கதையைப் பாருங்கள். திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. மறு ஆண்டே அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது. கட்டைகளுக்கு இடையே இருக்கும் நுண்சுருதி அதில் பேசாது என்பதே முக்கியமான காரணம். அது பொய்யான காரணமும் அல்ல. ஆனாலும் 1971-ல் தடை தளரும்வரை பஜனை மடங்களிலும் நாடக மேடைகளிலும் அதே ஹார்மோனியம் பக்தர்களின் குரலைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. இசை இலக்கணம் ஒரு கருவியில் குறை கண்டதால் அது வழிபாட்டுக்கே தகாததாகிவிடவில்லை. இலக்கணத்தின் தராசு வேறு, பக்தியின் தராசு வேறு.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. வயலினும் நாகஸ்வரமும் மனிதனின் விரலுக்கும் மூச்சுக்கும் பதில் சொல்கின்றன. இயந்திரம் ஜடம், ஜடத்தின் ஓசை எப்படி வழிபாடாகும் என்பது அது. இதற்கு விடை ராமானுஜரிடமே இருக்கிறது. திருவரங்கத்தில் கோயில் நிர்வாகத்தை ஒழுங்கு செய்தவர், அங்கேயே திருமேனியாக எழுந்தருளியிருப்பவர் அவர். சித்து, அசித்து, ஈஸ்வரன் என்ற மூன்று தத்துவங்களில் உயிருள்ளதும் உயிரற்றதும் ஈஸ்வரனுக்குச் சரீரம் என்பது அவர் தரிசனத்தின் அடித்தளம். அப்படியானால் சிலிக்கானும் செம்புக் கம்பியும் அவன் உடம்புக்கு வெளியே இல்லை. வெண்கலத் தாளமும் ஆட்டுத்தோல் மிருதங்கமும் மரத்தில் கடைந்த நாகஸ்வரமும்கூட அசித்துதான். அவற்றில் ஒன்றைப் புனிதம் என்றும் மற்றதைத் தீட்டு என்றும் பிரிப்பதற்கு இந்தத் தத்துவத்தில் இடமில்லை. ஆனால் அதே தரிசனம் இன்னொன்றையும் சொல்கிறது. சேதனனுக்கு இயல்பு சேஷத்வம், அதாவது தான் அவனுக்கே உரியவன் என்றிருப்பது. அந்த இருப்பின் வெளிப்பாடுதான் கைங்கரியம். பொருள் அசித்தாக இருக்கலாம், கைங்கரியம் செய்கிறவன் அசித்தாக இருக்க முடியாது.

இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு நம் ஊர்க் கோயில்களைச் சுற்றிப் பார்த்தால் உண்மையான குறை எங்கே என்று தெரியும். தமிழ்நாட்டின் எத்தனையோ சிறு கோயில்களில் சன்னிதிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புச் சட்டம் நிற்கிறது. அதில் முரசு ஒன்று, மணி ஒன்று, ஜாலரா ஒன்று. பின்னால் மோட்டாரும் பெல்ட்டும். தீபாராதனைக்குத் திரை விலகும்போது யாரோ சுவிட்சைப் போட, இரும்புக் கோல் தோலை அடிக்கத் தொடங்கும். கற்பூரம் மெல்ல எரிந்தாலும் வேகமாக எரிந்தாலும் அந்த அடி மாறாது. பக்தர் ஒருவர் விம்மி அழுதாலும் மாறாது. தீபம் இறங்கியதும் பாதி அடியிலேயே அறுந்து நிற்கும். அதில் அந்நிய வாத்தியம் ஒன்றுகூட இல்லை. கலப்பு இல்லை, மேற்கத்திய வரி இல்லை, எல்லாம் நம் முரசும் நம் மணியும்தான். இருந்தும் அங்கே நடப்பது கைங்கரியம் அல்ல, கைங்கரியத்தின் ஒலிப்பதிவு போன்ற ஒன்று. தூய கருவிகள் இருந்தும் தொண்டு செய்யும் சேதனன் இல்லை. கலப்பு ஆல்பத்திலோ கருவிகள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவையாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஒலியின் பின்னும் கேட்டுக்கொண்டே வேலை செய்யும் இரண்டு பேர் இருக்கிறார்கள். எதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமோ அதைக் கோயிலுக்குள் அனுமதித்துவிட்டு, அஞ்சத் தேவையில்லாததை வாசலில் நிறுத்தி விசாரிக்கிறோம்.

மேளக்காரருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத கோயில் என்ன செய்யும் என்று கேட்பது நியாயம். வருமானமில்லாத கோயிலின் அர்ச்சகரை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மேளம் இல்லாவிட்டால் வழிபாடு குறைந்துவிடும் என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறேன். தரிசனத்துக்கு வந்த ஒரு சிறுமி கயிற்றை இழுத்து மணி அடித்தால் போதும். அவள் கண் தீபத்தைப் பார்க்கும், கை அதற்கேற்ப விரையும், தளரும். ஒரே ஓசைதான், ஆனால் அங்கே ஒருத்தி இருக்கிறாள். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை ஏன் ஏற்கிறோம் என்பதும் இதிலிருந்தே விளங்கும். அது தானே ஒலித்துக்கொண்டிருக்கிறது, உண்மை. ஆனால் பாடுகிறவருக்குப் பதிலாக அது பாடுவதில்லை, அவர் காதைத் தன்பால் இழுத்து நிறுத்துகிறது. மனிதனைக் கவனிக்க வைக்கும் இயந்திரம் தொண்டுக்குத் துணை. அவனை வேண்டாமென்று ஆக்கும் இயந்திரம், எவ்வளவு பழைய தோலை அடித்தாலும், தொண்டுக்குப் பகை.

இப்படிச் சொன்னால் எதுவும் ஆகும் என்று பொருளா என்று கேட்கலாம். இல்லை. இந்த அளவுகோல் கலப்பிசையையும் விடாது. பாசுரத்தின் ஒரு துண்டை வெட்டி, பொருள் தெரியாமல், நறுமணப் புகை மாதிரி தாளத்தின் மேல் திரும்பத் திரும்பச் சுழலவிடும் ஆல்பங்கள் உண்டு. அங்கே பாட்டு சரக்காகிவிடுகிறது. அதைச் செய்தவர் மோட்டார் மேளத்துக்குச் சுவிட்சைப் போட்டவரிடமிருந்து வேறுபட்டவர் அல்ல. பெரிய பெருமாள் சன்னிதியில் எது ஒலிக்க வேண்டும் என்பதைப் பாஞ்சராத்திர ஆகமமும் கோயில் ஒழுங்கும் தீர்மானிக்கின்றன, அது அப்படியே இருக்கட்டும். ஓர் ஆல்பம் அந்த இடத்தைக் கேட்கவில்லை. வீட்டிலும் பேருந்திலும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடக்கிறவனுக்கு அது பேகனே பாரோ என்று ஒருவனை அழைக்கக் கற்றுக்கொடுக்கிறது. அந்த அழைப்பில் கவனம் இருக்கிறதா என்று கேட்போம். கிடார் இருக்கிறதா என்று கேட்க வேண்டாம்.

நாதமுனிகளும் அந்த இரண்டு மருமக்களும் செய்தது ஒரு புதிய இசையை அமைத்தது மட்டுமல்ல. ஒரு பாட்டைக் கடைசி எழுத்துவரை கேட்டு, அதைத் தம் உடம்பில் வாங்கி, இன்னொருவரிடம் கையளித்தது அவர்கள் செய்த பெரிய காரியம். இவ்வளவு காலம் கழித்து, பகல் பத்தில் அர்ச்சுன மண்டபத்தில் ஓர் அரையர் தாளத்தைத் தட்டுவதற்கு முன்பு ஒரு கணம் பெருமாளின் முகத்தைப் பார்க்கிறார். இன்றைக்கு எந்தக் கருவியை எடுக்கிறவரும் அந்த ஒரு கணத்தை எடுத்துக்கொள்ளலாம்.